கோப்பில் நீந்தும் சூரை

சூரை மீன் ஓயாமல் நீந்தும். நின்றால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். நம் அரசாங்கத்தின் சூரைக்கு அந்தத் தொல்லை கிடையாது. அது கோப்புக்குள் படுத்த இடத்திலேயே நாற்பது வருஷத்துக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. அமைச்சர் மாறுவார், கட்சி மாறும், திட்டத்தின் பெயர் மாறும். சூரை மட்டும் கொழுத்துக்கொண்டே போகும். "நம்ம கடல்ல சூரை கொட்டிக் கெடக்கு, பிடிக்கத்தான் ஆளில்ல" என்ற ஒரே வசனம்தான் அதற்குத் தீனி.

இந்த வசனத்தோடு ஜப்பான் கதையும் ஒன்று கட்டாயம் வரும். 2013 புத்தாண்டில் டோக்கியோ சுகிஜி சந்தையில் 222 கிலோ சூரை ஒன்று பதினைந்தரைக் கோடி யென்னுக்கு ஏலம் போனது. உண்மைதான். அது வடபசிபிக்கின் நீலத்துடுப்புச் சூரை. ஏலம் எடுத்தவர் சுஷி கடைகள் நடத்தும் முதலாளி. மறுநாள் பேப்பரில் படம் வருவதற்காகக் கொடுத்த விலை அது. நம் கடலில் ஓடுவது மஞ்சள்துடுப்புச் சூரையும் வரிச்சூரையும். கோடீஸ்வரர் வீட்டுக் கல்யாணச் செலவைக் காட்டி நம் வீட்டு மொய்க்கணக்கைப் போடுகிற மாதிரியான பொருளாதாரம் இது. இதை நம்பித்தான் இராமேஸ்வரத்துக்காரன் தலையில் கடன் ஏற்றினார்கள்.

2017 ஜூலை மாதத்தைப் பாருங்கள். 6ஆம் தேதி இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 27ஆம் தேதி இராமேஸ்வரத்தை அடுத்த பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தைத் திறக்க வந்த பிரதமர், மேடையில் மீனவர் சிலரின் கையில் ஆழ்கடல் படகுக்கான ஆணையைக் கொடுத்தார். கைதட்டல், புகைப்படம், எல்லாம் முறைப்படி. மூன்று ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை ஒழித்துவிட்டு 2,000 சூரைப் படகுகள். மொத்தம் 1,600 கோடி. படகு ஒன்றுக்கு 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவன் கைக்காசு 8. கணக்கு வாத்தியாரிடம் காட்டினால் நூற்றுக்கு நூறு போடுவார். கடல்தான் பெயில் போட்டது. மூன்றாண்டுக் கெடு முடிந்தபோது கைக்கு வந்திருந்த படகுகளை எண்ண இரண்டு இலக்கமே தாராளம். எண்பது லட்சத்தில் இந்தப் படகு முடியாது என்று முதல் நாளே கரையில் சொன்னார்கள். படிக்காதவன் பேச்சு, யார் கேட்பது? பின்னாளில் மாநில அரசே தொகையை உயர்த்தச் சொல்லி டெல்லிக்கு எழுதியது.

இழுவைமடிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தரையை வழித்துச் சுரண்டும் மடி அது. இறாலும் கணவாயும் கூடைக்குப் போக, குஞ்சும் குறுமீனும் சங்காயமாகக் குவிந்து மீன்மாவு மில்லுக்குப் போகிறதே, அந்தக் குவியலைப் பார்த்தவனுக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். எல்லை தாண்டிப் போய் யாழ்ப்பாணத்தான், மன்னாரான் வலையை அறுத்ததும் நம் மடிதான். வலை அறுபட்டவனும் தமிழன்தான். போரில் கால் நூற்றாண்டு கடலில் சரியாக இறங்க முடியாமல் கிடந்தவன். இந்த நியாயத்தைச் சொல்லாமல் "எங்கள் மீனவன், எங்கள் மீனவன்" என்று மேடையில் நரம்பு புடைக்கக் கத்துகிறவர்கள் இரண்டு கரைக்கும் துரோகிகள். மடி ஒழியத்தான் வேண்டும். ஒழிப்பதற்குக் கண்டுபிடித்த வழியைப் பற்றித்தான் என் பேச்சு.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கும். அங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலை ஜெட்டி. வீட்டுச் சோறு, பிள்ளை முகம், வாரக் கூலி. சூரை அந்தத் தண்ணீரில் இல்லை. அது ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு மேலே திறந்த கடலில் ஓடுவது. அதைத் தேடி வாரக்கணக்கில் போக வேண்டும். படகை நிறுத்த மூக்கையூர், குந்துகால் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் துறை கட்டிக் கொடுத்தார்கள். ஆளும் வீடும் தங்கச்சிமடத்தில், மண்டபத்தில்.

தொழிலும் வேறு. ஆயிரங்கால் தூண்டில் என்பார்கள் நம் ஆட்கள். மைல் கணக்கில் நீளும் ஒரே தாய்க்கயிறு, அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான கொக்கிகள், ஒவ்வொன்றிலும் இரை. விடுவதற்குப் பாதி நாள், எடுப்பதற்கு மீதி நாள். மாட்டிய சூரை சும்மா வராது. உயிருக்குப் போராடுகையில் அதன் உடம்பு கொதிக்கும். மீன் சாதியில் சொந்தச் சூடு உள்ள சில மீன்களில் அதுவும் ஒன்று. மேலே ஏற்றியதும் மெத்தை போட்டுக் கிடத்தி, நெற்றியில் கூராணி இறக்கி ஒரே குத்தில் மூளையை அடக்க வேண்டும். மார்புத் துடுப்புக்குப் பின்னால் கீறி ரத்தத்தை வடிக்க வேண்டும். செவுளும் குடலும் சதையில் உராயாமல் வெளியே வர வேண்டும். பிறகு ஐஸும் கடல்தண்ணியும் கலந்த தொட்டியில் முக்கி, நடு முள்வரை குளிர வைக்க வேண்டும். இதில் எங்காவது கை பிசகினால் சதை வெந்தது போல வெளுத்துவிடும். பச்சையாகத் தின்கிறவன் அதைத் தொடமாட்டான். விமானம் ஏற வேண்டிய மீன் உள்ளூர்ச் சந்தையில் கூறு போட்டு விற்கப்படும். விலை பாதாளத்துக்குப் போகும். கடன் தவணை மட்டும் மேலேயே நிற்கும். தலைமுறையாக வின்ச்சைத் திருப்பி மடி தூக்கி, இறாலையும் நண்டையும் பிரித்துப் பழகிய கைக்கு இதையெல்லாம் சில நாள் பயிற்சியும் ஒரு சான்றிதழும் கற்றுக் கொடுத்துவிடும் என்று யார் கண்டுபிடித்தது? அவருக்கு ஒரு விருது கொடுக்கலாம். சமையல் புத்தகத்தை ஒப்பித்ததற்கான விருது.

விளக்கக் கூட்டம் எப்படி நடக்கும் என்று கடற்கரையில் யாரைக் கேட்டாலும் நடித்துக் காட்டுவார்கள்.

"எத்தன நாளு சார் தங்கணும்?"

"இருபது நாள். ஒரு மாசங்கூட ஆகலாம்ப்பா."

"நாங்க இன்னைக்குப் போயி நாளைக்கு வர்ற ஆளுக சார்."

"அதுக்குத்தானே பயிற்சி குடுக்கிறோம்."

"புடிச்சாந்தா யாரு சார் வாங்குவா?"

"ஏற்றுமதி இருக்குல்ல."

"அதான் சார், யாரு?"

"ஏற்றுமதியாளர்கள்ப்பா. அடுத்த கேள்வி."

"எனக்குப் போட்டு கெடையாது சார். கூலிக்குப் போறவன். எனக்கு இதுல என்ன சார் உண்டு?"

"அது இந்தத் திட்டத்துல வராது. உக்காரு."

உட்கார்ந்துவிட்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் இந்தத் திட்டம் முழுக்கப் படகுக்காரனோடு பேசியது. கடலுக்குப் போகிறவனோடு பேசவில்லை. இழுவைப் படகு வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் மடி இழுக்கப் போகிறார்கள் என்று ஜெட்டியில் நின்று எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கே இரண்டு மூன்று படகுகள் உண்டு. அந்தப் படகுகளில் போகிறவன் வேறு ஆள். இலங்கைக் கடற்படை பிடித்தால் சிறைக்குப் போவது அவன். சுடப்பட்டால் சாவது அவன். படகை உடைத்தால் நிவாரணமும் புதுப்படகு மானியமும் முதலாளிக்கு. உடைந்த படகில் வேலை செய்தவனுக்கு நாளையிலிருந்து வேலையில்லை. 1,600 கோடியில் அவனுக்கென்று தனித் தலைப்பு எதுவும் இல்லை. இதற்குப் பெயர் நீலப் புரட்சி.

கொஞ்சம் பின்னால் போவோம். கடல் யாருக்கு எப்படிக் கிடைத்தது என்ற வரலாறு தெரியாவிட்டால் இந்தக் கோபம் அதிகப்படியாகத் தெரியும்.

1976இல் கடல் எல்லைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 200 கடல் மைல், சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் பொருளாதார மண்டலம் ஆனது. சொந்தம் என்று ஆனதும் நாம் செய்த முதல் காரியம் அதை வாடகைக்கு விட்டதுதான். 1981இல் அந்நிய மீன்பிடிக் கப்பல்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் போட்டார்கள். அதன் நிழலில் இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டுக் கப்பலை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்யலாம் என்று கொள்கை வந்தது. 1986இல் திருத்தம், 1989இல் இன்னொரு திருத்தம். நடந்தது என்ன? கப்பல் தைவானுடையது, மாலுமி வெளிநாட்டான், மீன் இறங்கும் துறைமுகம் வெளிநாடு. இந்தியப் பங்கு ஒரு லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும். சூரைக்கென்று வந்த நீள்தூண்டில் கப்பல்களோடு தரையை வாரும் இரட்டைமடிக் கப்பல்களும் சேர்ந்தே வந்தன. வாடகை வாங்கிய வீட்டுக்காரர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

1991 வந்தது. தாராளமயம். வாடகை என்ற சொல் அசிங்கமாகப் பட்டதோ என்னவோ, கூட்டு முயற்சி, குத்தகை என்று அழகான பெயர்கள் வைத்தார்கள். மீனவர்கள் 1994இல் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். 1995இல் தாமஸ் கோச்சேரி என்ற பாதிரியார் போர்பந்தரில் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். காந்தி பிறந்த ஊரில் பட்டினி கிடந்தால்தான் நம் அரசாங்கத்துக்குக் காது கேட்கும். அரசு அமைத்த முராரி குழுவின் அறிக்கை 1996இல் வந்தது. உரிமங்களை ரத்து செய், இனி கொடுக்காதே என்றது. வெற்றி என்று மீனவர்கள் வெடி வெடித்திருப்பார்கள். 2002இல் அதே சரக்கு "அனுமதிக் கடிதம்" என்ற புதுச் சட்டை போட்டு வந்தது: வெளிநாட்டுக் கப்பலில் இந்தியக் கொடி. 2014இல் மீனாகுமாரி குழு, 200 முதல் 500 மீட்டர் ஆழம் வரை ஒரு இடைப்பகுதியை ஒதுக்கி அங்கே மீன்பிடியை ஒழுங்குபடுத்தலாம் என்று யோசனை சொன்னது. அந்த இடைப்பகுதியில் பல காலமாகச் சொந்த முயற்சியில் தொழில் செய்துகொண்டிருந்த நம் மீனவன் அந்த வரைபடத்தில் தட்டுப்படவில்லை. மறுபடி போராட்டம். 2017 ஜனவரியில் அனுமதிக் கடிதத் திட்டத்தைக் கிழித்துப் போட்டார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் இராமேஸ்வரம் மேடை.

வரிசையைக் கவனியுங்கள். அந்நியனுக்குக் கடலே வாடகைக்குக் கிடைத்தது. அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, எட்டு லட்சம் கொண்டுவா என்று கேட்கவில்லை, உன் பழைய கப்பலை உடைத்துக் காட்டு என்று சொல்லவில்லை. உள்ளூர்க்காரனுக்கு மட்டும் படகு கடனாகக் கிடைத்தது, கடல் அறிவுரையாகக் கிடைத்தது.

வாடகைக் கடலில் இன்னொரு வகையும் உண்டு. அந்தமானில் வெளிநாட்டிலிருந்து வரும் தூண்டில் ரசிகர்கள் நாள் வாடகைக்குப் படகு பிடித்துச் சூரைக்கும் பாரைக்கும் தூண்டில் போடுகிறார்கள். மீனோடு படம் எடுத்துக்கொண்டு பலரும் அதைத் தண்ணீரில் விட்டும் விடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. காசு கொடுக்கிறார்கள், பொழுது போகிறது, மீன் பிழைக்கிறது. அப்படி ஒரு வாடிக்கையாளரைப் புயல் நாளில் நூறு மைல் தள்ளித் தகவல் இல்லாமல் விட்டுவிட்டு வந்தால் எந்தப் படகுக்காரனாவது அடுத்த சீசனுக்குத் தொழில் நடத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

தூத்தூர்க்காரனை விட்டுவிட்டு வந்தார்கள். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை குமரி மேற்குக் கரையின் எட்டு ஊர்க்காரர்கள், எந்த அரசாங்கப் பயிற்சியும் இல்லாமல் சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குப் போகப் பழகியவர்கள். அரபிக்கடல் முழுக்க அவர்களுக்கு மனப்பாடம். தியாகோ கார்சியா வரை போய்ப் பிரிட்டிஷ்காரனிடம் பிடிபட்டு அபராதம் கட்டியவர்களும் அங்கே உண்டு. நாட்டில் ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தால் அது அந்த எட்டு ஊர்தான். 2017இல் "ஆழ்கடலுக்குப் போ" என்று மேடையில் சொன்ன நாலே மாதத்தில், நவம்பர் கடைசியில், ஒக்கி புயல் வந்தது. எச்சரிக்கை கரையில் ஒலித்தது. வாரக்கணக்குக்கு முன்பே போயிருந்தவனுக்கு அது எட்டவில்லை. அவன் கையில் இருந்த வயர்லெஸ் அத்தனை தூரம் பேசாது; சாட்டிலைட் போன் அவனிடம் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் பல. எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்ற கணக்கே அரசிடம் ஒழுங்காக இல்லை. பங்குச் சாமியார்களும் ஊர்க்காரர்களும் நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் பட்டியல் தந்தார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஜனம் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. கேட்டது என்ன? சூரையா, மானியமா? "எங்க ஆளுகளத் தேடுங்க" என்றது.

ஆழ்கடலில் ஏற்கெனவே இருந்தவனைத் தேடக் கப்பல் அனுப்பத் திணறிய அரசு, அதே ஆண்டில் இன்னும் 2,000 படகை ஆழ்கடலுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டது. வெட்கம் என்ற சரக்குக்கு மட்டும் இங்கே எப்போதும் தடைக்காலம்.

கடைசியாக மீனின் கதை. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் என்று ஒன்று உண்டு. தலைமையகம் சீஷெல்ஸில். இந்தியாவும் அதில் உறுப்பினர். 2015இல் அதன் விஞ்ஞானிகள் மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். 2016இல் அதைத் தேற்றுவதற்கான தீர்மானம் போட்டார்கள். அதிகம் பிடிக்கும் நாடுகள் பிடியைக் குறைக்க வேண்டும் என்பது 2017 ஜனவரியிலிருந்து நடைமுறை. மஞ்சள் சூரையைச் சூறையாடியவர்களில் ஸ்பெயின், பிரான்ஸ் கொடியும் முதலாளியுமாக வந்த சுருக்குமடிக் கப்பல்கள் முன்வரிசை. மிதவைகளை மிதக்கவிட்டு, அவற்றின் நிழலில் ஒதுங்கும் குஞ்சுச் சூரையோடு சேர்த்து அள்ளும் தொழில் அது. 2017இல் ஆணையம் கூடிக் கட்டுப்பாடு என்ற பெயரில் முடிவு செய்த அளவே ஒரு கப்பலுக்கு ஒரே நேரத்தில் 350 மிதவை. கட்டுப்பாடே இது என்றால் மீதியை நீங்களே ஊகியுங்கள். ஆக, பிடித்துத் தீர்த்துவிட்டோம் என்று ஆணையம் கையைப் பிசைந்த அதே மீனைக் காட்டி, அதே ஆண்டில், "கொட்டிக் கெடக்கு, போய் அள்ளு" என்று தங்கச்சிமடத்தானைக் கடன்காரன் ஆக்கினார்கள். 2024 மதிப்பீட்டில் மீன் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். சந்தோஷம். மீன் தேறிவிட்டது; கடன் வாங்கியவன் தேறினானா என்று மதிப்பிடத்தான் எந்த ஆணையமும் இல்லை.

இப்போது 2025 நவம்பரில் பொருளாதார மண்டல மீன்பிடிக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீனவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை என்கிறார்கள். அந்நியக் கப்பலுக்கு இடமில்லை என்கிறார்கள். வெளிச்சம் போட்டுப் பிடிப்பதும் இரட்டை இழுவையும் தடை. படிக்க நன்றாகவே இருக்கிறது. சூரை அதிலும் நீந்துகிறது, முன்னைவிடக் கொழுப்பாக. கூடவே அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் தாய்க்கப்பல், சேய்ப்படகு என்று ஒரு ஏற்பாடு: சின்னப் படகுகள் பிடிக்கும், பெரிய கப்பல் நடுக்கடலிலேயே வாங்கிக்கொள்ளும். தாய்க்கப்பல் வாங்கும் அளவுக்கு எந்த ஊர்க் கூட்டுறவிடம் பணம் இருக்கிறது? தாய் யாராக இருப்பாள், விலையை யார் வைப்பார், நடுக்கடலில் எடைபோடும் தராசு யார் கையில் இருக்கும்? லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்திருந்த பரம்பரைக்கு இந்த விதியைப் படித்ததும் நாக்கு ஊறியிருக்கும். கூட்டுறவு என்ற பெயரில் பலகை மாட்ட எத்தனை நாள் ஆகும்?

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மக்களே, அடுத்த முறை யாராவது சூரைப் படத்தோடு உங்கள் ஊருக்கு வந்தால் கைதட்டாதீர்கள். விண்ணப்பப் படிவத்தை முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். படகு இல்லாமல் கூலிக்குப் போகிறவன் பெயர் எழுத அதில் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதை அந்த மேடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.